கூதிர்கால விருந்தினரும் நம் நுரையீரலும்

சென்ற ஆண்டு புரட்டாசி மாதத்தில், உத்தமபாளையத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் எங்கள் நுரையீரல் சிகிச்சைப் பிரிவுக்கு வந்திருந்தார். எட்டு மாதங்களாக வறட்டு இருமல். மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு. முதலில் சளி என்றும், பின்னர் ஆஸ்துமா என்றும் மருந்துகள் மாறிமாறிக் கொடுக்கப்பட்டிருந்தன. காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் செய்யப்பட்டு, நோய் இல்லை என்று முடிவு வந்திருந்தது. ஆறு நிமிடம் சமதளத்தில் நடக்கச் சொன்னோம். அமர்ந்திருந்தபோது 95 விழுக்காடாக இருந்த இரத்த ஆக்சிஜன் அளவு, நடந்து முடிக்குமுன் 86க்கு இறங்கியது. முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டபோது, ஒட்டுப்பட்டையைப் பிரித்தால் எழுவது போன்ற மெல்லிய நறநறப்பொலி இரு பக்கமும் கேட்டது.

இத்தகைய நோயாளிகளிடம் நாங்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று, காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்பது. அவர் தயங்காமல் விடை சொன்னார். மொட்டைமாடிக்குச் சென்று புறாக்களுக்குக் கம்பு தூவுவார். கணவர் தொடங்கி வைத்த வழக்கம். அவர் மறைந்த பின்னரும் ஆறு ஆண்டுகளாக ஒரு நாளும் தவறியதில்லை. முதலில் ஐந்தாறாக வந்த புறாக்கள் இப்போது நாற்பதுக்கும் மேல். மாடியைப் பெருக்கிச் சுத்தம் செய்வதும் அவரே.

சி.டி. ஸ்கேன் பார்த்த பின் நோயின் பெயரையும் காரணத்தையும் அவரிடமும் அவர் மகனிடமும் விளக்கினோம். நெடுநேரம் பேசாதிருந்தவர் கடைசியில் கேட்டார்: “ஏன் டாக்டரய்யா, வாயில்லாச் சீவனுக்கு ரெண்டு பிடி போட்டதுக்கா எனக்கு இந்த நோவு?”

அக்கேள்விக்கு அன்று எங்களால் நிறைவான விடை சொல்ல இயலவில்லை. புறாக்களுக்கு இரை போடுவதை நிறுத்தியே ஆக வேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னோம். அவரது ஒப்புதலுடன், அடையாளங்களை மாற்றி, அவர் கதையை இங்கு எழுதுகிறோம். காகத்துக்குச் சோறு வைத்த பின் உண்ணும் வழக்கமும், அரிசி மாவில் கோலமிட்டு எறும்புக்கும் ஈயும் வழக்கமும் உள்ள நாட்டில், பறவைகளை விட்டுவிடுங்கள் என்று ஒரு மருத்துவர் சொல்லிவிட்டுப் போவது போதாது. எதை விட வேண்டும், எதை விட வேண்டியதில்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

முதலில் நோயைப் பற்றி. மருத்துவ மொழியில் இதற்கு ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ் என்று பெயர். தமிழில் மிகையுணர்வு நுரையீரல் அழற்சி எனலாம். இது கிருமியால் வரும் தொற்று அன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது. புறாவின் உலர்ந்த எச்சத்திலும், அதன் இறகுகளின்மேல் படிந்திருக்கும் மிக நுண்ணிய மெழுகுப் பொடியிலும் சில புரதங்கள் உள்ளன. காற்றில் மிதக்கும் அத்துகள்கள் மூச்சுக்குழாய்களைக் கடந்து, நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகள் வரை சென்று சேரும் அளவுக்குச் சிறியவை. நாள்தோறும் அவை உள்ளே சென்றாலும் பெரும்பாலோருக்கு எதுவும் நேர்வதில்லை. சிலருடைய உடலின் எதிர்ப்பாற்றல் மட்டும் அவற்றைப் பகையெனக் கருதிப் போர் தொடுக்கிறது. அந்தப் போர் நடக்கும் களம் நம் காற்றுப்பைகளின் சுவர். அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அச்சுவர் தழும்பேறித் தடித்துவிடும். ஆக்சிஜன் அதனூடே புகுவது கடினமாகிவிடும்.

1965ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் புறா வளர்ப்போரிடம் இந்நோயைக் கண்டு விவரித்தனர். புறா வளர்ப்போர் நுரையீரல் என்றே அதற்குப் பெயரிட்டனர். நம் நாட்டில் 19 நகரங்களைச் சேர்ந்த 27 மருத்துவ மையங்கள் இணைந்து, நுரையீரல் திசுத் தடிப்பு நோய்கள் கண்ட 1,084 பேரை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டன. அவர்களுள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருந்தது இந்த மிகையுணர்வு அழற்சியே. புறாக்கள் மட்டும் அதற்குக் காரணமல்ல. பூஞ்சை படிந்த ஏர்கூலர்களும் அந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க காரணமாகத் தென்பட்டன. ஆகவேதான் மூச்சிரைப்போடு வருபவரிடம் நாங்கள் கூலர், ஈரம் கசியும் சுவர், வைக்கோல் படப்பு, இறகு அடைத்த தலையணை என்று துருவித் துருவிக் கேட்கிறோம். வீண் விசாரணை என்று எண்ண வேண்டா. (நம் போடிநாயக்கனூர் இலவம்பஞ்சுத் தலையணை மரத்தின் காயிலிருந்து வருவது, அதில் பறவைப் புரதம் இல்லை. இக்கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால் சொல்கிறோம்.)

நோய் இரு விதமாக வரும். ஒன்று திடீரென வருவது: கூண்டையோ மாடியையோ சுத்தம் செய்த நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்குள் குளிர், காய்ச்சல், உடல்வலி, இருமல், நெஞ்சிறுக்கம் தோன்றும், ஓரிரு நாளில் தானே தணியும். ஏதோ வைரஸ் காய்ச்சல் என்று விட்டுவிடுவார்கள். மறுமுறை சுத்தம் செய்தால் மறுபடி வரும். இந்தத் தொடர்பை நோயாளியே கண்டுபிடித்துச் சொன்னால் எங்கள் வேலை பாதி முடிந்தது. மற்றொன்று மெல்ல வருவது. மாதங்கள், ஆண்டுகள் கடந்து மூச்சிரைப்பு ஏறும், எடை குறையும், சிலருக்கு விரல் நுனிகள் பருத்து நகம் வளையும். வயதாகிவிட்டது, அதனால் இரைக்கிறது என்று குடும்பத்தார் நினைத்துவிடுவதுதான் இதில் உள்ள ஆபத்து. அழற்சி நிலையிலேயே கண்டுபிடித்தால், காரணத்தை விலக்குவதாலும் தேவைப்படின் ஸ்டீராய்டு மருந்தாலும் நல்ல முன்னேற்றம் கிடைக்கும். தழும்பாக மாறிய பகுதி பழைய நிலைக்குத் திரும்பாது. அது மேலும் பரவாமல் மெதுவாக்கும் மருந்துகளே இன்று உள்ளன. எந்த மருந்தைக் கொடுத்தாலும், காரணம் வீட்டு மாடியிலேயே குடியிருந்தால் பயன் குறைவு. புறாக்கள் அகன்ற பின்னும் அவற்றின் புரதங்கள் அந்த இடத்தின் தூசியில் பல மாதங்கள் தங்கியிருக்கும்.

இனி, புறாக்கள் ஏன் நாற்பதாகின்றன என்பதைப் பார்ப்போம். மாடப்புறா, பாறை விளிம்புகளில் கூடு கட்டி வாழ்ந்த பறவை. நம் அடுக்குமாடிகளின் சன்னல் மேற்பலகையும், குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பகுதியும் அதற்குப் பாறை விளிம்புகளே. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் தானியம் கிடைத்தால் அது ஆண்டு முழுவதும் குஞ்சு பொரிக்கும். தரையில் பரப்பிய தானியம் கூட்டமாக இறங்கும் பெரிய பறவைக்கே சேரும். சிட்டுக்குருவிக்கு என்று நாம் இறைத்த கம்பில் பெரும்பகுதி புறாவின் வயிற்றுக்கே போகிறது. ஓரத்தில் தத்தித் திரியும் சிட்டு, மிச்சம் இருந்தால் பொறுக்கும்.

இரண்டாம் முறை வந்தபோது அந்த அம்மையார், “இனிமே ஒரு குருவியும் நம்ம வாசலுக்கு வராதுல்ல” என்றார். அது அப்படியன்று என்பதைச் சொல்லவே இக்கட்டுரையின் பிற்பகுதி.

மேல்நாட்டார் இலையுதிர்காலம் என்று சொல்லும் பருவம் நம் பள்ளத்தாக்கில் இலை உதிரும் காலம் அன்று. நமக்கு அது கார் முடிந்து கூதிர் தொடங்கும் காலம். ஆடி, ஆவணியில் கணவாய் வழியே சுழன்றடித்த மேல்காற்று ஓய்ந்து, ஐப்பசியில் வடகிழக்கு மழை இறங்கும். முல்லைப் பெரியாற்று நீரில் விளைந்த 14,707 ஏக்கர் இருபோக வயல்களில் முதல்போக அறுவடை நடக்கும் வேளை அதுவே. அந்த நாட்களில்தான் இமயமலையிலிருந்தும், அதற்கு அப்பாலுள்ள நடு ஆசியாவிலிருந்தும், சைபீரியாவிலிருந்தும் பறவைகள் தெற்கே வருகின்றன. வடக்கே பனி மூடினால் பூச்சி இராது. பூச்சி தின்னும் பறவைக்கு அங்கே வாழ்வும் இராது. குளிரைக் காட்டிலும் பசியே அவற்றைத் தெற்கே துரத்துகிறது என்பதே பொருத்தம்.

வருபவர்கள் எல்லாரும் வைகை அணையிலும் கண்மாய்களிலும் இறங்கும் பெரிய நீர்ப்பறவைகள் அல்லர். வீட்டு வாசலுக்கு வருபவர்களும் உளர். கரும்சாம்பல் வாலாட்டி செப்டம்பரிலேயே வந்துவிடும். ஓடை ஓரத்திலும், நீர் தேங்கிய மாடியிலும், முற்றத்திலும் வாலை மேலும் கீழும் ஆட்டியபடி ஓடி ஓடிப் பூச்சி பிடிக்கும், வயிற்றுப்புறம் மஞ்சள். கொடிக்கால் வாலாட்டி என்று இன்னொன்று. அது வாலைப் பக்கவாட்டில் ஆட்டும். சின்னமனூர் வெற்றிலைக் கொடிக்கால்களை அறிந்த நமக்கு, நிழலை விரும்பும் அப்பறவைக்குக் கொடிக்காலின் பெயர் அமைந்திருப்பது வியப்பளிக்காது. தகைவிலான்கள் மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருக்கும். சோளப்பட்சி என்று முதியோர் சொல்லும் சூறைக்குருவி, இளஞ்சிவப்பு உடலும் கருந்தலையுமாகப் பெருங்கூட்டமாய் வரும். நடு ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளி தின்று வளர்ந்த கூட்டம் இங்கே சோளக் கதிரையும் ஆலம்பழத்தையும் தேடும். விவசாயிக்கு அதனிடம் அன்பு குறைவு என்பதையும் சொல்ல வேண்டும்.

முருங்கை மரத்தில் இலைக்கும் பூவுக்கும் இடையே சிறு பச்சைநிறக் குருவி ஒன்று ஓயாமல் துள்ளிக்கொண்டிருந்தால், அது பச்சைக் கதிர்க்குருவியாக இருக்கலாம். எடை பத்துக் கிராமுக்கும் குறைவு. இமயத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து, பகலில் பசியாறி, இந்த முருங்கைக்கு வந்து சேர்ந்த உயிர் அது. வேப்பமர நிழலில் வெண்ணிற நாடா போல் நீண்ட வாலுடன் மிதந்து செல்வது அரசவால் ஈப்பிடிப்பான். அந்தி வேளையில் நீரில் மூழ்கி எழுந்து குளிக்கும் வழக்கம் அதற்கு உண்டு.

இவற்றுள் மிகப் பெரும்பாலானவை தானியத்தைத் தொடுவதே இல்லை என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. எத்தனை படி கம்பு இறைத்தாலும் வாலாட்டி அதற்காக வராது, ஈப்பிடிப்பானும் வராது. அவை வருவது பூச்சிக்கும் நீருக்கும். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை மரம், மருந்து அடிக்காத ஒரு மூலை, அகன்ற ஒரு மண்சட்டித் தண்ணீர் இருந்தால் போதும். ஆகவே தானியத்தை நிறுத்துவது பறவையை நிறுத்துவது ஆகாது. புறாக்கூட்டம் கலைந்தபின், அதுவரை நெருங்கத் துணியாத சிறு பறவைகள் வந்து நீர் அருந்துவதைப் பலரும் கண்டு எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பறவையைப் பார்ப்பது நோயாளிக்கு நன்மை தருமா என்று உறவினர்கள் கேட்பதுண்டு. மிகைப்படுத்தாமல் சொல்கிறோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்றவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்பவர் ஆராய்ந்தார். சன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்த 23 பேரையும், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த அறையில் இருந்த 23 பேரையும் ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 1984இல் வெளியான இவ்வாய்வு சிறியதுதான். எனினும் மருத்துவமனைக் கட்டடங்களை அமைப்போர் இன்றும் அதை நினைவில் கொள்கின்றனர். 2022ஆம் ஆண்டில் லண்டன் கிங்ஸ் கல்லூரியினர், 1,292 பேர் தம் கைபேசியில் அன்றாடம் பதிந்த மனநிலைக் குறிப்புகளைத் தொகுத்தனர். பறவையைப் பார்த்த, அல்லது அதன் குரலைக் கேட்ட வேளைகளில் மனநலம் சற்று மேம்பட்டிருந்தது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடமும் அவ்வாறே இருந்தது.

இவற்றை வைத்து, பறவை பார்த்தால் நோய் தீரும் என்று யாரும் கொள்ள வேண்டா. இன்சுலினுக்கோ, இன்ஹேலருக்கோ, மனநல மருந்துக்கோ இது மாற்று அன்று. ஆனால் பக்கவாதத்துக்குப் பின் ஆறு மாதமாகக் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் ஒருவரின் கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட ஆகும் செலவு ஒன்றுமில்லை. பகலில் வெளிச்சம் முகத்தில் படுவதே, முதியோருக்கு இரவு உறக்கம் ஒழுங்குபடவும் பகல், இரவுக் குழப்பம் குறையவும் உதவும். சன்னலுக்கு அப்பால் அசையும் ஒன்று இருந்தால் கண் அதைத் தொடரும், கழுத்து திரும்பும், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல ஒரு செய்தி கிடைக்கும். பராமரிப்பவருக்கும் இது பொருந்தும். நாள் முழுதும் மருந்து, உணவு, மலம், சிறுநீர் என்றே பேசிப் பேசிச் சலித்த இருவருக்கிடையில் வேறொரு பேச்சு வருவது சிறிய செய்தி அன்று.

தண்ணீர்ச் சட்டியைப் பற்றி நாங்கள் சற்றுக் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. வலசைப் பறவைகள் வரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களே டெங்கு காய்ச்சல் மிகும் மாதங்களும் ஆகும். ஏடிஸ் கொசு, தெளிந்த நீர் தேங்கிய சிறு பாத்திரங்களையே நாடும். நாம் அன்போடு வைத்த சட்டி அதற்கு மிகப் பொருத்தமான பிரசவ அறை. அக்கொசு தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். நீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் முட்டை போகாது. காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, நீர் பட்டதும் பொரியும். நம் வெப்பநிலையில் முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாட்கள் போதும். எனவே நாள்தோறும் நீரை மாற்றுவதோடு, வாரம் இருமுறையாவது சட்டியின் உட்புறத்தைத் தேங்காய் நாரால் அழுந்தத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதைச் செய்ய ஆளில்லாத வீட்டில் சட்டியே வைக்காதிருப்பது நல்லது. ஊருக்குப் போகும்போது சட்டியைக் கவிழ்த்துவிட்டுச் செல்லுங்கள்.

சட்டி இரண்டு விரற்கடை ஆழம் இருந்தால் போதும். நடுவில் ஒரு கல்லை வைத்தால் சிறு குருவி அதன்மேல் நின்று குடிக்கும். நோயாளியின் படுக்கையருகே உள்ள சன்னல் விளிம்பிலோ, ஏர்கூலருக்கு அருகிலோ வைக்கலாகாது. பத்துப் பதினைந்து அடி தள்ளி, பூனை பதுங்க இடமில்லாத வெளியில், மரக்கிளை எட்டும் தொலைவில் வைப்பது நன்று. எச்சம் விழுந்த இடத்தை ஒருபோதும் காய்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். நோய் தரும் தூசி எழுவது அப்போதுதான். முதலில் நீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, பிறகு கழுவித் தள்ள வேண்டும். அதிக அளவில் எச்சம் இருந்தால் சாதாரணத் துணி முகக்கவசம் போதாது. என்-95 கவசமும் கையுறையும் தேவை. முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும்.

நுரையீரல் நோய் உள்ளவர்கள் இந்தச் சுத்தம் செய்யும் வேலையைச் செய்யவே கூடாது. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை பெற்றவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள், நெடுநாளாக ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள் ஆகியோருக்கும் இது பொருந்தும். புறா எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை, எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் நுரையீரலையும் மூளை உறையையும் தாக்கக்கூடியது. இறந்து கிடக்கும் பறவையை யாரும் வெறுங்கையால் தொட வேண்டா. பல பறவைகள் ஒரே இடத்தில் இறந்து கிடந்தால் கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. அதன் எச்சத் தூசியாலும் நுரையீரல் தொற்று வரலாம் என்பது எங்கள் துறை சார்ந்த காரணம்.

மூச்சு நோய் ஏதும் இல்லாத வீட்டார், சிட்டுகளுக்கு உணவளிக்க விரும்பினால், நம் முன்னோர் கண்ட வழி இருக்கிறது. முற்றிய நெற்கதிர்களைக் கொத்தாகக் கட்டி வாசல் உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். சிட்டுக்குருவியும் சில்லையும் கதிரைப் பற்றிக்கொண்டு தலைகீழாகக்கூடத் தொங்கித் தின்னும். கனத்த புறாவால் அப்படித் தொங்க இயலாது. முதல்போக அறுவடை முடியும் ஐப்பசியில் கதிருக்கும் பஞ்சமில்லை. உப்பும் எண்ணெயும் சேர்ந்த முறுக்கு, மிக்சர் ஆகியவற்றைப் பறவைக்கு வைக்க வேண்டா. மனிதருக்கே அவற்றை அளவோடுதான் சொல்கிறோம்.

இன்னொன்று. சென்ற ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலையில், எங்கள் இரண்டாம் மாடி வராந்தாவின் கண்ணாடிச் சன்னலடியில் பல நிறப் பறவை ஒன்று அசைவற்றுக் கிடந்தது. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, கண் வழியே கறுப்புப் பட்டை, குட்டை வால். இரவுப் பணியிலிருந்த செவிலியர் அது இறந்துவிட்டது என்றே எண்ணினார். அது ஆறுமணிக்குருவி, தோட்டக்கள்ளன் என்றும் சொல்வர். விடியலிலும் அந்தியிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அப்பெயர். இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு இரவில் பறந்து வரும் அப்பறவை, விளக்கொளியில் மயங்கிக் கண்ணாடியில் மோதுவது இப்பருவத்தில் அவ்வப்போது நிகழ்வதே. காற்றுத்துளையிட்ட அட்டைப் பெட்டியில், கையுறை அணிந்து அதை எடுத்து வைத்து, இருட்டான அமைதியான அறையில் விட்டோம். வாயில் நீர் ஊற்றவில்லை. அவ்வாறு ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நினைவிழந்த மனிதருக்கும் அதே விதிதான். மாலையில் பெட்டியைத் திறந்ததும் தோட்டத்துப் புதருக்குள் ஓடி மறைந்தது. எழ இயலாதபடி அடிபட்டிருந்தால் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். அதன் பின் அந்தச் சன்னலின் உட்புறத் திரையை இரவில் இழுத்து விடுகிறோம்.

பறவையைப் பெயர் சொல்லி அறிய விரும்புவோருக்குத் தமிழிலேயே நூல்கள் உள்ளன, க. ரத்னம் எழுதிய ‘தமிழ்நாட்டுப் பறவைகள்’ அவற்றுள் ஒன்று. 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து, கண்ட பறவைகளை எண்ணி, இ-பேர்ட் என்னும் தளத்தில் பதிந்தால் போதும். காட்டுக்குப் போக வேண்டியதில்லை. கட்டிலில் இருந்தபடியே எண்ணியவர்களும் எங்கள் நோயாளிகளில் உண்டு.

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் காரணம் எதுவென்று நீங்களே முடிவு செய்யாமல் சளிப் பரிசோதனைக்கு வாருங்கள். காசநோயை முதலில் விலக்க வேண்டும். அது இல்லை என்று தெரிந்த பின்னும் மூச்சிரைப்பு இருந்தால், புறா, கோழி, கிளி, கூலர் என வீட்டில் உள்ளவை அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அந்த அம்மையார் தை மாதம் மறுபரிசோதனைக்கு வந்தார். மகன் மாடியை ஈரப்படுத்திக் கழுவி, சன்னல் விளிம்புகளுக்கு வலையடித்திருந்தார். புறாக்கள் இரண்டு வாரம் வந்து காத்திருந்து, பிறகு வேறிடம் போய்விட்டனவாம். அந்த இரண்டு வாரமும் தனக்குச் சோறு இறங்கவில்லை என்றார். ஆறு நிமிட நடையில் ஆக்சிஜன் இம்முறை 91க்குக் கீழே போகவில்லை. இருமல் பெரிதும் குறைந்திருந்தது. ஸ்கேனில் தழும்பு விழுந்த பகுதி அப்படியே இருக்கிறது. அது இருக்கத்தான் செய்யும் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். ஸ்டீராய்டின் அளவைக் குறைத்தோம்.

எழுந்து போகுமுன் சுருக்குப்பையிலிருந்து மடித்து வைத்த நாட்காட்டித் தாள்களை எடுத்துக் காட்டினார். பின்பக்கம் பேத்தியின் கையெழுத்தில் குறிப்புகள். கிணற்றடியில், வீட்டு நிலையிலிருந்து பார்த்தால் தெரியும் தொலைவில், மருமகள் கழுவி வைக்கும் சட்டிக்கு என்னென்ன வந்தன என்று எழுதியிருந்தது: கொண்டைக்குருவி இரண்டு, தவிட்டுக்குருவி ஏழு, மஞ்சள் வயிற்று வாலாட்டி ஒன்று. வாலாட்டி கார்த்திகையிலிருந்து நாள் தவறாமல் வருகிறதாம். அது எப்போது திரும்பிப் போகும் என்று கேட்டார். பங்குனி, சித்திரைக்குள் போய்விடும் என்றோம். அடுத்த பரிசோதனையைச் சித்திரை முடிவுக்குக் குறித்துக் கொடுத்தோம். போன நாளை எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லிச் சென்றார்.